யார் எதிர்பார்த்தது?

குடியாத்தத்துப் பெரியப்பாவுக்கு வேலூர்ல நுரையீரலுக்கு ஊதுற டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்ல 'எதிர்பார்த்த அளவில் இத்தனை சதவீதம்'னு போட்டிருந்தது. "யாருடா எதிர்பார்த்தது?"ன்னார். சரியான கேள்வி!

எதிர்பார்த்தது ஒரு சமன்பாடு. புகைக்காத, நோயில்லாத நிறைய பேரை ஊதவெச்சு, உயரம், வயசு, ஆணா பெண்ணான்னு பார்த்துப் போடுற ரிக்ரஷன் கோடு, அதாவது அளந்த புள்ளிகளுக்கு நடுவுல பொருத்துற கோடு. கோட்டிலிருந்து ஒவ்வொருத்தரும் விலகுற தூரத்தோட வர்க்கங்களைக் கூட்டினா, அது எதுல குறைச்சலோ அந்தக் கோடுதான் கணக்கு. உயரம் கூடக்கூட மூச்சுக் கொள்ளளவும் சீரா கூடுதுன்னு 1846லேயே லண்டன்ல ஜான் ஹட்சின்சன் 2000 பேருக்கு மேல அளந்து சொல்லிட்டார். எடைக்கு இதுல பெரிய பங்கில்லை (தொப்பைக்காரர்கள் மன்னிக்கவும்).

சிக்கல் கூன் முதுகுல. பெரியப்பா உயரத்தை அப்படியே அளந்தா குறைச்சலா வரும், எதிர்பார்ப்பும் இறங்கும், சதவீதம் பொய்யா ஏறி நுரையீரல் நல்லாயிருக்கிற மாதிரி காட்டும். அதனால ரெண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணிக்கணும். அதுக்கும் ஒரு ரிக்ரஷன்தான்!

"ரெண்டையும் சேர்த்துப் போட்டா இன்னும் துல்லியமா வராதா?"ன்னு தம்பி கேட்டான். உயரமும் கைவிரிப்பும் ஒட்டியே போறவை. சேர்த்துப் போட்டா எது எவ்வளவு காரணம்னு பிரிக்க முடியாம கெழுக்கள் (சமன்பாட்டுல ஒவ்வொண்ணையும் பெருக்குற எண்கள்) தள்ளாடும். ஒண்ணு போதும்.