நோய்த்தடைக்காப்புத் தாள்: கோளாறிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

என்னோடு முதுநிலை விலங்கியல் படித்தவர்களுக்கு மரபியல் கூடப் பயமில்லை. நோய்த்தடைக்காப்பியல் என்றால்தான் முகம் வாடிவிடும். பாடம் கடினம் என்பதல்ல காரணம். எண் போட்ட செல்கள், செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் எண் போட்ட சைட்டோகைன்கள், ஐந்து வகை ஆன்டிபாடிகள் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும், எதை எதோடு கோப்பது என்பது மட்டும் விளங்காது. குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் போய்வந்து படித்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இருந்தும் எனக்கு மிகவும் பிடித்த தாளாக இதுதான் அமைந்தது. இப்போது நர்சிங், ஆய்வக நுட்பம், விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது, நான் படித்த வழியையே அவர்களுக்கும் சொல்கிறேன். பாடநூல் வரிசையைத் தலைகீழாக்குங்கள். தடைக்காப்பு கெட்டுப்போனால் என்ன நோய் வருகிறது என்பதை முதலில் படியுங்கள். அது சரியாக இருக்கும்போது என்ன செய்கிறது என்பது தானாகப் புரியும்.

வெள்ளணுக்கள் படைவீரர்கள், உடல் ஒரு கோட்டை என்று தொடங்கும் குறிப்புகளை மூடி வைத்துவிடலாம். எட்டாம் வகுப்புக்கு அது போதும். ஒவ்வாமையையோ தொழுநோயையோ அந்த உவமையை வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், பாதியில் நின்றுவிடுவீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு சிறிய காயத்தைக் கடைசி வரை பின்தொடருங்கள். வெறுங்காலோடு பாலாற்றுப் படுகையில் நடந்தவன் குதிகாலில் வேலிக்காத்தான் முள் ஏறிவிட்டது. தோல் என்னும் முதல் தடை போயிற்று. அங்கிருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. நுண்குழாய்கள் விரிந்து திரவம் கசிகிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற நான்கும் இதிலிருந்துதான். சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவிந்து, பாக்டீரியாவை விழுங்கித் தாமும் மடிகின்றன. சீழில் பெரும்பகுதி அவைதான். இதற்குள் டென்ட்ரைட்டிக் செல் பாக்டீரியாவின் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாகத் தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. அதற்குப் பொருந்தும் ஏற்பி உள்ள டி லிம்போசைட் (டி செல்) அங்கே தூண்டப்பட்டுப் பெருகுகிறது, பி செல்களையும் தூண்டுகிறது. முடிச்சு வீங்குகிறது. எங்கள் பாட்டி தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்து, “நெறி கட்டியிருக்கிறது, காலில் எங்கே புண்?” என்று கேட்பார். படிக்காத பாட்டியின் அந்தக் கேள்விக்குள் நிணநீர் மண்டலப் பாடம் முழுதும் இருக்கிறது. சில நாட்களில் பி செல் வழி உருவாகும் ஐஜிஎம் ஆன்டிபாடியும், அதன் பின்னால் ஐஜிஜியும் ரத்தத்தில் ஏறும். அதே கிருமி மறுபடி வந்தால் நினைவு செல்கள் இருப்பதால் எல்லாம் விரைவாக நடக்கும்.

இந்தக் கதையில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. கிருமியை முதலில் யார் கண்டது, யார் கொண்டுபோய்க் காட்டியது, யார் அழித்தது, வேலை முடிந்ததும் யார் நிறுத்தியது? எந்தத் தடைக்காப்புக் கோளாறை எடுத்தாலும், இந்த நான்கில் எது தவறியது என்று கேளுங்கள்.

புரூட்டன் 1952-இல் விவரித்த நோயில் பி செல்கள் முதிர்வதில்லை, ஆன்டிபாடி இல்லை. தாயிடமிருந்து வந்த ஐஜிஜி தீரும்வரை, அதாவது முதல் சில மாதங்கள், குழந்தை நன்றாக இருக்கும். அதன்பின் காது, சைனஸ், நுரையீரல் என்று பாக்டீரியாத் தொற்று மாறி மாறி வரும். டிஜார்ஜ் நோய்க்குறியில், டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸ் சரியாக வளர்வதில்லை. தைமஸ் இல்லாமலே பிறக்கும் குழந்தைகளை டி செல்கள் இன்றி வைரஸும் பூஞ்சையும் வாட்டும். நாள்பட்ட கிரானுலோமா நோயில் நியூட்ரோபில் விழுங்கிவிடும், ஆனால் உள்ளே வைத்துக் கொல்ல முடியாது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், ஆன்டிபாடிக்கு என்ன வேலை, டி செல்லுக்கு என்ன வேலை என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எய்ட்ஸ் இதே வரிசையில் வரும். எச்.ஐ.வி. பிடிப்பது சிடி4 உதவி டி செல்லை. அது குறைந்தால் பி செல்லுக்கும் தூண்டல் இல்லை, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜுக்கும் தூண்டல் இல்லை. மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழே போய்விட்டால் எய்ட்ஸ் நிலை. வேலூரில் படிப்பவர்கள் இங்கே ஒரு வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1986-இல் சென்னையில் முதுநிலை மாணவியாக இருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் சேகரித்த ரத்த மாதிரிகளை ரயிலில் வேலூருக்குக் கொண்டுவந்தார். ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று காட்டும் எலைசா சோதனைக்கான வசதி இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அந்த மாதிரிகளில்தான் முதன்முதலில் தெரியவந்தது.

செய்முறைத் தேர்வில் அதே எலைசாதான் வரும். தட்டில் 96 குழிகள். குழியின் அடியில் ஆன்டிஜென், அதாவது ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் பொருள், ஒட்டியிருக்கும், சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், நொதி கோத்த இரண்டாவது ஆன்டிபாடி அதன்மேல் உட்காரும், கடைசியாக நிறப்பொருள். டிஎம்பி பயன்படுத்தினால் முதலில் நீலம், கந்தக அமிலம் விட்டதும் மஞ்சள். தேர்வாளர் கேட்பது பெரும்பாலும் கழுவும் படியைப் பற்றித்தான். ஒட்டாத நொதி குழியில் தங்கிவிட்டால் ஆன்டிபாடி இல்லாத நெகட்டிவ் கட்டுப்பாட்டுக் குழியும் நிறம் மாறும், சோதனை முழுதும் வீண். கழுவிய பின் தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ தாளில் தட்டும் பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது மிகையுணர்வு, அதாவது தடைக்காப்பே அளவு மீறி உடலுக்குக் கேடு செய்வது. கெல், கூம்ஸ் இருவரும் 1963-இல் வகுத்த நான்கு வகைகளை எல்லோரும் பெயரால் மனப்பாடம் செய்கிறார்கள். நான் கடிகாரத்தால் நினைவில் வைத்தேன். நிலக்கடலை சாப்பிட்டு நிமிடங்களில் மூச்சு இறுகினால் ஐஜிஇ, முதல் வகை. கையில் போட்ட காசநோய் மான்டூ ஊசி 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடித்தால் டி செல், நான்காம் வகை. நடுவில் இரண்டும் மூன்றும்: செல்லின் மேலேயே ஆன்டிபாடி ஒட்டினால் இரண்டு, ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் கூடிய கூட்டுப்பொருள் சிறுநீரகத்திலோ மூட்டிலோ படிந்தால் மூன்று. நான்காம் வகைக்கு எல்லோரும் மூக்குத்தி நிக்கலை எழுதுவார்கள். நம் பகுதிப் பிள்ளைகள் தோல் பதனிடும் வேலையை எழுதலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோலைப் பதப்படுத்தக் குரோமியம் உப்பு பயன்படுகிறது. குரோமியம் தனியாக டி செல்லைத் தூண்ட முடியாத அளவுக்குச் சிறியது. தோலின் புரதத்தோடு சேர்ந்த பிறகே ஆன்டிஜென் ஆகிறது. ஹாப்டென் என்றால் என்ன என்ற கேள்விக்கும் இதே பதில்.

ஒரே ஒரு நோயைத்தான் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் தொழுநோயைச் சொல்வேன். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955 முதல் இதற்கென்றே ஆராய்ச்சி மையம் இயங்கும் ஊர்க்காரர்கள் நாம்; ஆனால் நம் பிள்ளைகள் இதைக் கிருமிகள் பாடத்தில் இரண்டு வரியோடு விட்டுவிடுகிறார்கள். இந்தப் பாக்டீரியா மேக்ரோஃபேஜுக்குள்ளும், நரம்பைச் சுற்றும் ஷ்வான் செல்லுக்குள்ளும் வாழ்கிறது. செல்லுக்குள் ஆன்டிபாடி நுழையாது. டி செல் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து மேக்ரோஃபேஜை முடுக்கினால்தான் உள்ளே இருப்பது சாகும். அந்தத் திறன் வலுவாக உள்ளவருக்கு ஓரிரு தேமல், மிகக் குறைந்த கிருமிகள். திறன் இல்லாதவருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருக்கும், பயன் இல்லை. தோல் முழுதும் கிருமி. கிருமி ஒன்றேதான், நோயின் முகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்த வரிசையை ரிட்லி, ஜாப்லிங் இருவரும் 1966-இல் வகுத்தார்கள். செல்வழித் தடைக்காப்புக்கும் ஆன்டிபாடிவழித் தடைக்காப்புக்கும் வேறுபாடு எழுதச் சொன்னால், இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தடைக்காப்பு வலுவாக இருந்தால் நல்லதுதானே என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். நரம்பைக் கெடுப்பதில் பெரும்பங்கு அந்த வலுவுக்குத்தான். சிகிச்சை நடக்கும்போதே சிலருக்குத் தடைக்காப்பு திடீரென்று ஏறி, முழங்கை நரம்பு வீங்கி, சில நாட்களில் விரல்கள் மடங்கிவிடும். அதனால்தான் கிருமியைக் கொல்லும் மருந்தோடு, தடைக்காப்பை அடக்கும் பிரெட்னிசலோனையும் மருத்துவர் கொடுக்கிறார். பார்க்க முரணாகத் தெரியும் இந்த ஜோடியை விளக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. விரல்கள் அழுகி உதிர்வதும் இல்லை. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் நைலான் இழையால் தொட்டால் நோயாளிக்குத் தெரியாது. சூடான பாத்திரமும் அப்படித்தான் தெரியாது. உணர்ச்சி இல்லாத கையில் படும் காயங்களே விரலைக் குறைக்கின்றன என்பதை எடுத்துக்காட்டி, மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட்.

நான்காவது கேள்வியான நிறுத்துவதில் தவறினால், தன் உடலையே தாக்கும் சுயதடைக்காப்பு நோய்கள். முதல் வகை நீரிழிவில் கணையத்தின் பீட்டா செல்கள், தசை தளரும் மயஸ்தீனியாவில் அசிட்டைல்கோலின் ஏற்பி, கிரேவ்ஸ் நோயில் தைராய்டின் டிஎஸ்எச் ஏற்பி என்று இலக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கிரேவ்ஸ் உள்ள தாய்க்குப் பிறக்கும் சில குழந்தைகளுக்கும் தைராய்டு மிகைத்து, சில மாதங்களில் தானே சரியாகிவிடும். ஐஜிஜி நஞ்சுக்கொடியைக் கடக்கும் என்பதற்கு இதுவே சான்று. தன் உடலைத் தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை தைமஸிலேயே களையப்படுகின்றன. தப்பியவற்றைக் கட்டுப்படுத்துபவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். அவற்றுக்கான ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதானால் பச்சைக் குழந்தைக்கே பல உறுப்புகள் தாக்கப்படும். இந்தக் கண்டுபிடிப்புகளுக்காகத்தான் 2025-இல் சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல் பரிசு. பழைய குறிப்புகளில் இருக்காது. பத்து மதிப்பெண் விடையின் முடிவில் இரண்டு வரி சேருங்கள்.

சைட்டோகைன் அட்டவணையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடலாம், ஆறேழு போதும். கிருமித் துணுக்கை டி செல்லுக்குக் காட்டும் புரதமான எம்.எச்.சி.யில் முதல் வகைக்கு சிடி8 டி செல், இரண்டாம் வகைக்கு சிடி4. பெருக்கினால் இரண்டுமே எட்டு. ஐஜிஜி படத்தைக் கண்ணை மூடி வரையும் அளவுக்குப் பழகுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்குப் பாம்புக்கடி மருந்தைத் தயார் செய்து போங்கள். குதிரைக்கு விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி அது. ஆயத்தமாக வருவதால் உடனே வேலை செய்யும். நம் உடலில் நினைவு செல் உருவாகாததால் அடுத்த கடிக்கு உதவாது. குதிரைப் புரதம் நமக்கு அந்நியம் என்பதால் நிமிடங்களில் அனாஃபிலாக்ஸிஸ் என்னும் கடும் ஒவ்வாமை வரலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் அது சீர நோய், மூன்றாம் வகை. அப்படியானால் கடிபட்டவருக்கு மருந்தைக் கொடுக்காமல் விடலாமா என்று தேர்வாளர் மடக்குவார். அட்ரினலினைக் கைக்கருகில் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.