அதையே வெச்சுக்கோ

"அதையே வெச்சுக்கோ" என்றேன். ஒத்திகையில் எவ்வளவோ சொல்கிறோம், மறந்தும் போகிறோம். இது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பாட்டு மட்டுமல்ல, மூச்சு, கரகரப்பு, அலறல் என்று தொண்டையில் எழும் எந்த ஒலியையும் இசையாக்கும் குரல் குழு எங்களுடையது. சொல்லே இல்லாத பகுதி அது. ஐந்து குரல்கள் மட்டும். மூச்சை உள்ளே இழுத்தபடியே ஒலி எழுப்ப வேண்டிய இடம் குழுவில் ஒருத்திக்கு. வெளிவிடும் மூச்சில் பாடிப் பழகிய தொண்டைக்கு இது தலைகீழ் வேலை. உள்ளே போகும் காற்றில் தொண்டை வறளும், சுருதி பிடியில் நிற்காது. காலையிலிருந்து வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. ஏழாவதோ எட்டாவதோ முறை, காய்ந்த கயிறு உருளையில் உராய்வதுபோல ஒன்று வந்தது. அதற்கு அடியில் இன்னொரு ஒலி, மெல்லியதாக, தனியாக. அறையில் யாரும் அசையவில்லை.

அவள் கண்களை நான் பார்க்கவில்லை. தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

"எதை அக்கா?"

"இப்ப வந்துச்சே, அதை."

"அது..." என்று ஆரம்பித்தாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

அந்த 'அது'வுக்கும் 'சரி'க்கும் நடுவில் நான் ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நொட்டேஷன் தாளில் குனிந்து, கீழ்நோக்கி ஓர் அம்பும் அதன்மேல் ஒரு நெளிகோடும் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒலிக்கென்று எங்களிடம் குறி எதுவும் இருக்கவில்லை. விட்டால் நழுவிப் போய்விடுமோ என்ற பயம்.

என் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து வருஷம் சுத்தமான குரலுக்காகவே பாடுபட்டவள் நான். கொஞ்சம் கரகரத்தால் கூசிப்போய் நிறுத்திவிடுவேன். முதன்முதலாகப் போன குரல் பட்டறையில் ஒருவர், "நிறுத்தாதீங்க, அந்தக் கரகரப்பிலேயே நில்லுங்க" என்றார். ஒரு நிமிடம் நின்றேன். பிழை என்று ஒதுக்கிவைத்ததெல்லாம் என் குரல்தான் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. அதற்கப்புறம்தான் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1958இல் பாடகி கேத்தி பெர்பேரியனுக்காக எழுதிய 'ஆரியா'வைப் பார்த்தேன். வழக்கமான ஸ்வரக்குறிகள் கிடையாது. வளைகோடுகள், நிறங்கள். கறுப்புச் சதுரம் வந்தால் இசையல்லாத ஏதாவது ஓர் ஒலி. எந்த நிறத்துக்கு எந்தக் குரல் என்பது பாடுகிறவர் முடிவு. அந்தத் தாளைப் பார்த்தபோது வந்த விடுதலையை இன்னொருத்திக்கும் கொடுக்கத்தான் நினைத்தேன். வந்த ஒலியைப் பிழை என்று தள்ளாமல் அங்கீகரித்தேன். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பாடுகிறவர் முடிவு என்ற அந்த ஒரு விஷயம்தான் என் ஒத்திகையில் இல்லை. முடிவு செய்தது நான்.

இந்தக் கலையின் வேரிலேயே அலறல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் காயம்பட்டவர்களின் ஓலத்தைக் கேட்ட ஜெர்மன் படைவீரர் ஆல்ஃபிரட் வுல்ஃப்சோனுக்கு, போர் முடிந்த பிறகும் அது காதைவிட்டுப் போகவில்லை. அந்த ஒலிகளைத் தன் தொண்டையிலேயே தேடிப்போய்த்தான் அவர் ஒரு பயிற்சிமுறையை உண்டாக்கினார். அவருடைய மாணவர் ராய் ஹார்ட். ஹார்ட்டின் குரலை மனதில் வைத்துத்தான் 1969இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் 'பித்துப்பிடித்த அரசனுக்கு எட்டுப் பாடல்கள்' என்ற படைப்பை எழுதினார். கீச்சு, உறுமல், அலறல், ஒரே நேரத்தில் பல ஒலிகள், ஐந்து ஸ்தாயிக்கு மேல் ஏறி இறங்கும் குரல். இதையெல்லாம் எத்தனையோ ராத்திரி எனக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் முட்டுகிறது. வுல்ஃப்சோன் தேடியது தன் தொண்டையில். குழியில் கிடந்தவனைப் பார்த்து, "அதையே வெச்சுக்கோ" என்று அவர் சொல்லவில்லை.

பதினோரு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் அவள் அந்த ஒலியை அதே இடத்தில், அதே அளவில் கொண்டுவந்தாள். ஒருநாள்கூடப் பிசகவில்லை. குழுவில் ஒருவர் என்னிடம், "அவ அழுதான்னு நீங்களா ஏன் முடிவு பண்றீங்க? தொண்டை வறண்டு இருமல் வந்தாலும் தோள் குலுங்கும்" என்றார். இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஆசையினாலேயே அதை நம்ப முடியவில்லை.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒத்திகையில் தற்செயலாக வந்த எதையும் அன்றைக்கே குறித்துக்கொள்வதில்லை. மறுநாள் கேட்கிறேன்: "நேத்து வந்த அது நமக்கு வேணுமா? நீ சொல்லு." இது சரியான வழி என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அதே சமயம், அன்றைக்கே இந்த வழக்கம் இருந்திருந்தால் அந்த ஒலி மறுநாள்வரை உயிரோடு இருந்திருக்காது. அந்தப் பகுதியைத் தூக்கி நிறுத்துவதே அதுதான். அது இல்லாமலே போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

வேறு வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று அவள் கேட்டாள்: "அந்த இடத்தை இனிமே யாருக்கா பண்ணுவாங்க?"

"நான்தான்."

தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "முதல்ல உள்ள இருக்கிற மூச்சு முழுக்க வெளிய விட்டுடுங்க. மிச்சமே வெக்காதீங்க. தாடையை இறுக்கினா வராது." பின்னால் வந்து என் விலாவில் கை வைத்துக்கொண்டாள். மூன்றாவது முறை வந்தது, அடியில் இருந்த அந்த மெல்லிய ஒலியும் சேர்ந்தே.

இந்த வழி அவளுக்கு முதல் நாளே தெரியுமா? இல்லை, நான் தாளில் குறித்துவிட்டதால், ஒவ்வொரு ராத்திரியும் அழாமல் அதைக் கொண்டுவர அவளாகவே தேடிக் கண்டுபிடித்ததா? கேட்க நினைத்துத் திரும்பினேன்.

"இன்னொரு தடவை பண்ணுங்கக்கா" என்றாள், விலாவிலிருந்து கையை எடுக்காமல்.

பண்ணினேன்.