ஐந்தாவது வட்டத்தை வீட்டிலேயே நிரப்புங்கள்

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசுப் பணித் தேர்வின் தரவரிசை வந்துவிட்டது. வேலை உறுதி என்று சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறேன். எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்று எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குக் கைகொடுத்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: ‘விடை தெரியவில்லை’. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் தேர்வறையில் அதை நிரப்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வில் அதைவிட மதிப்புள்ள வட்டம் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 வினாக்களில் 40 வினாக்களுக்கு இரண்டு விடைகளை நீக்கிவிட்டு, மிச்சமுள்ள இரண்டில் ஒன்றைக் குத்துமதிப்பாக நிரப்பினால் சராசரியாக 20 சரியாகும். வினாவுக்கு ஒன்றரை வீதம் 30 மதிப்பெண். அந்த முப்பதையும் படித்து வாங்கியதாகவே மனம் வரவு வைத்துக்கொள்ளும். தவறிய வினாக்களையாவது திரும்பப் பார்க்கிறோம். தப்பித்தவறிச் சரியானதை யார் பார்க்கிறார்கள்? தெரியாதது தெரியாததாகவே உள்ளே தங்கிவிடுகிறது. இந்தத் தேர்வில் ஒன்றரை மதிப்பெண்ணுக்குத் தரவரிசை எவ்வளவு சரியும் என்பதை எழுதியவர்கள் அறிவார்கள்.

ஆகவே காரணம் சொல்ல முடியாத ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். திருத்தும்போது அவையெல்லாம் ஐந்தாவது வட்டம்தான், விடை சரியாகவே இருந்தாலும். அப்படி வரும் மதிப்பெண்ணைப் பார்க்கக் கசக்கும். பாருங்கள். அதுதான் உங்கள் மதிப்பெண்.

‘படித்ததுதானே, தெரியும்’ என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது? ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்தினார்கள். முதல் ஐந்து நிமிடத் தெளிவை நம்பித்தான் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

எங்கெல்லாம் கவனம் வேண்டும்:

– தமிழ்ப் பகுதி. தாய்மொழிதானே என்ற தைரியம் இங்கேதான் அதிகம் ஏமாற்றுகிறது. ‘ஊறுகாய்’ வினைத்தொகை என்று காதுக்குப் பட்டால் போதாது. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் விரித்துக் காட்ட வர வேண்டும். வராவிட்டால் புள்ளி.

– திறனறிவு 25 வினாக்கள். தீர்வைப் படித்துத் தலையாட்டுவது கணக்குப் போட்டதாகாது.

– கூட்டாகப் படிப்பது வேண்டவே வேண்டாம். ஒருவர் விடை சொன்னதும் மற்றவர்களுக்கும் தெரிந்தது போலாகிவிடும்.

– தேர்வறையில் இதெல்லாம் தலைகீழ். அங்கே ஊகித்தாவது எல்லாவற்றுக்கும் விடை நிரப்புங்கள்.

கடைசி இரண்டு வாரங்களில் புதிய மாதிரித் தேர்வு எதையும் தொடாதீர்கள். புள்ளி வைத்த வினாக்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரே வரியில், புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள்.