முட்டி வலியோட எக்சர்சைஸ்: எட்டு போட்டு வீங்கி, எக்ஸ்ரேக்கு ரெண்டு நாள் அலைஞ்சு, கடைசில கத்துக்கிட்டது

போன தீபாவளிக்கு முன்னாடி ஆரம்பிச்சது, இப்பதான் உக்காந்து எழுதுற அளவுக்கு மனசு ஆறியிருக்கு. எனக்கு 52 வயசு, திண்டுக்கல்ல வீட்லயே ஜாக்கெட் தைக்கிறேன், 24 வருஷமா கால் மிஷின்தான். ரெண்டு முட்டியும் தேய்மானம், வலது ரொம்ப மோசம். மாத்திரை, தைலம் கதையெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அத விட்டுர்றேன். எக்சர்சைஸ் பண்ணப் போய் நான் பட்ட பாட்ட மட்டும் சொல்றேன், ஏன்னா “எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா”ன்னு ஆளாளுக்குச் சொன்னாங்களே தவிர எது பண்ணனும், எத்தன தடவ, எங்க நிறுத்தணும்னு ஒருத்தரும் சொல்லல.

மொதல்ல பாத்த டாக்டர் ரெண்டே நிமிஷம் பாத்துட்டு “நல்லா நடங்க”ன்னு அனுப்பிட்டாரு. எவ்ளோ நேரம்னு நானும் கேக்கல, அதான் நான் செஞ்ச மொத தப்பு. தெருவுல எல்லாரும் எட்டு போடுறாங்களேன்னு மொட்டை மாடி சிமெண்ட் தரைல சாக்பீஸால எட்டு வரைஞ்சு காலைல 40 நிமிஷம் நடக்க ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் கடைத்தெருவுக்கு மேல நடந்ததே இல்ல. மூணாவது நாளே வளைவுல திரும்புறப்ப முட்டிக்குள்ள குத்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா “ஆரம்பத்துல வலிக்கத்தான் செய்யும், விட்றாத”ன்னு சொல்ல, நான் ஒரு வலி மாத்திரைய போட்டுட்டு நடந்தேன், இதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு. மாத்திரை வலிய மறச்சிருச்சு, முட்டி உள்ள கெட்டுக்கிட்டே இருந்துருக்கு. ஆறாவது நாள் இளநி மாதிரி வீங்கி மடக்கவே முடியல. கைல இருந்த 11 தீபாவளி ஜாக்கெட்டத் திருப்பிக் குடுத்தேன், அதுல ரெண்டு பேரு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட வரல.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைல ஏழு மணிக்கே ஓபி சீட்டு வாங்கி, எக்ஸ்ரே எடுத்து, மறுபடி வரிசைல நின்னு டாக்டர்கிட்ட காட்டுனா, “படுக்க வச்சு எடுத்துருக்காங்க, இது ஆகாது, நின்னுக்கிட்டு எடுத்தது வேணும்”ங்குறாரு. எக்ஸ்ரே ரூமுக்கு வந்தா “சீட்டுல நின்னுக்கிட்டுன்னு எழுதலயே”ங்குறாங்க. திரும்ப டாக்டர் ரூமுக்கு நொண்டிக்கிட்டு வந்தா ஓபி முடிஞ்சிருச்சு. ஒரு வார்த்தை எழுதாததுக்கு ஒரு முழு நாள், அதுவும் நடக்க முடியாத ஆள அலைய விட்டாங்க. தயவுசெஞ்சு முட்டி எக்ஸ்ரேக்கு எழுதிக் குடுத்தா “நின்னுக்கிட்டு, ரெண்டு முட்டியும்”னு சீட்டுல இருக்கான்னு அங்கயே கேட்டுருங்க. படுத்தா மூட்டு மேல ஒடம்பு வெயிட்டு இருக்காது, எலும்புக்கு நடுவுல இடைவெளி நல்லா இருக்குற மாதிரி தெரியும். என் மொத படத்துல அப்படித்தான் இருந்துச்சு. மறுநாள் நின்னு எடுத்ததுல வலது முட்டியோட உள்பக்கம் இடைவெளியே காணோம்.

நடுவுல ஒரு தனியார் பிசியோ சென்டர்ல பத்து நாள் பேக்கேஜ்னு கரண்ட் வச்சாங்க. படுக்க வச்சு ஒயர மாட்டிட்டு அந்தப் பக்கம் போயிருவாங்க, கதகதன்னு நல்லாத்தான் இருக்கும், சாயங்காலம் வரைக்கும் தாங்கும், மறுநாள் காலைல பழைய கதைதான். பத்து நாள்ல ஒரு தடவகூட கால மடக்கி நீட்டச் சொல்லல. நானா கேட்டதுக்கு ஒரு ஜெராக்ஸ் பேப்பர், படமே கருப்பா அப்பியிருந்துச்சு, எழுத்து பூரா இங்கிலீஷ். கரண்ட் வேணாம்னு சொல்லல, அது மட்டும் போதாது. எக்சர்சைஸ் சொல்லித் தராத எடத்துல பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீங்க.

கடைசில வழி கெடச்சது அதே பெரிய ஆஸ்பத்திரி பிசியோ ரூம்லதான். அங்கயும் மொத தடவ எலும்பு டாக்டரு சீட்டுல சீல் இல்லன்னு திருப்பி அனுப்புனாங்க, அது தனி கண்ணீரு. ஆனா உள்ள இருந்த பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும், மொத வேலையா டேப்ப எடுத்து ரெண்டு தொடையவும் அளந்துச்சு. நான் தினமும் ஊருக்கே அளவெடுக்குறவ, என் தொடைய யாரும் அளந்ததில்ல. வலது பக்கம் 2 செ.மீ. கம்மி. “அம்மா, வலிக்குதுன்னு கால யூஸ் பண்ணாம விட்டதுல தொடை சதை கரைஞ்சிருச்சு, அது தாங்க வேண்டிய பாரத்தையும் முட்டியே தாங்குது”ன்னு சொல்லுச்சு. இன்னொண்ணும் சொல்லுச்சு. எலும்பு முனைல மெத்தை மாதிரி இருக்குற மூட்டு ஜவ்வுக்கு ரத்தக் குழாயே கெடையாதாம், முட்டிக்குள்ள இருக்குற தண்ணிலருந்துதான் அதுக்குச் சாப்பாடு, கால அசைக்கிறப்பதான் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி அமுங்கி அத உறிஞ்சிக்குமாம். சும்மா வச்சிருந்தாலும் கெடும், ஒரேயடியா ஓட்டுனாலும் கெடும்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

குடுத்தது என்னமோ மூணே மூணுதான். கால நீட்டி உக்காந்து முட்டிக்கு அடில துண்ட சுருட்டி வச்சு அமுக்கிப் பிடிக்கணும், அஞ்சு எண்ற வரைக்கும், பத்து தடவ, காலைலயும் சாயங்காலமும். அப்புறம் படுத்துக்கிட்டு ஒரு கால மடக்கி வச்சு இன்னொரு கால நேரா ஒரு சாண் தூக்கி மெதுவா எறக்கணும். மூணாவது, சேர்லருந்து கை ஊனாம எந்திரிக்கிறது. இது எனக்கு வரவே இல்ல, தலகாணி ரெண்டு போட்டு உயரமாக்கித்தான் ஆரம்பிச்சேன். மூச்ச அடக்கக் கூடாது, எனக்கு பிபி இருக்குங்குறதால சத்தமா எண்ணச் சொல்லுச்சு, எண்ணிக்கிட்டு இருந்தா மூச்ச அடக்க முடியாதுல்ல.

எல்லாத்த விடவும் எனக்கு ஒதவுனது அது சொன்ன கணக்கு. வலிக்கு பத்துக்கு எத்தனன்னு மார்க் போடணும். பண்றப்ப 4 வரைக்கும் இருந்தா பரவால்ல. முடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சும் முன்னாடிய விட ஜாஸ்தியா இருந்தாலோ, மறுநாள் காலைல வீக்கமோ இறுக்கமோ கூடியிருந்தாலோ அளவு மீறிருச்சுன்னு அர்த்தம், அடுத்த தடவ எண்ணிக்கைய பாதியாக்கணும், அடியோட நிறுத்தக் கூடாது. நான் ஜாக்கெட் அளவு நோட்டுலயே கடைசிப் பக்கத்துல தேதி போட்டு எழுத ஆரம்பிச்சேன். தொடை சதை கனக்குற மாதிரி வலிக்கிறது வேற, முட்டிக்குள்ள சுருக்குன்னு குத்துறது வேற, அது பிரிச்சுத் தெரியவே எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

காலைல இறுக்கம் எனக்கு 20 நிமிஷம் இருக்கும். இப்ப கட்டில விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே குதிகால மெத்தைல இழுத்து இழுத்து பத்து தடவ மடக்கி நீட்டிட்டுத்தான் கால கீழ வைக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் எக்சர்சைஸுக்கு முன்னாடி, வீக்கம் இருந்தா துணில சுத்துன ஐஸ் பின்னாடி. சுகர் இருந்து கால் மரத்துப் போனவங்க சூடு பாத்து வைங்க, பொத்துப் போனாகூட தெரியாது. ஆனா காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல போகுது, வெரல் கணுவெல்லாம் சேந்து வீங்குதுன்னா அது தேய்மானமா இல்லாம முடக்குவாதமா இருக்கலாம். எங்க சித்திக்கு அப்படித்தான், வயசுக் கோளாறுன்னே ரொம்ப நாள் விட்டுட்டாங்க. அதுக்கு ரத்த டெஸ்ட்டும் வேற மருந்தும் வேணும். மூட்டு திடீர்னு செவந்து சுட்டு, காய்ச்சலும் இருந்தா எக்சர்சைஸ் பேச்சே வேணாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலும் அதேதான்.

ஊனி நடக்குற கம்ப நான் ஒரு மாசமா வலிக்கிற பக்கமே பிடிச்சிருந்தேன், எதிர்ப்பக்கக் கைலதான் பிடிக்கணுமாம். படில ஏறுறப்ப நல்ல கால் மொதல்ல, எறங்குறப்ப வலிக்கிற கால் மொதல்ல. மிஷினுக்கு மோட்டார் மாட்டிட்டேன், அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு அடுப்படி வரைக்கும் போயிட்டு வருவேன். வெயிட்டு 78லருந்து 73. ஒரு கிலோ கொறஞ்சா நடக்குறப்ப எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல நாலு கிலோ பாரம் கொறையுமாம், அதக் கேட்டதுலருந்து ராத்திரி சோத்த நானே கொறச்சுட்டேன். வெளியவே வர முடியாதவங்க இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க.

டவுன் பஸ் படி எவ்ளோ உயரம்னு முட்டி வலிக்காரங்களுக்குத்தான் தெரியும். போன வருஷம் கண்டக்டர் தம்பி கை குடுத்துத் தூக்குனாத்தான் ஏறுவேன், பின்னாடி நிக்கிறவங்க அவசரப்படுத்துறப்ப கண்ணுல தண்ணி வந்துரும். போன வியாழக்கெழமை வத்தலக்குண்டு போறதுக்கு நிக்கிறேன், பஸ் வந்துச்சு, அந்தத் தம்பி பழக்கத்துல கைய நீட்டுனாரு, வேணாம்பான்னு சொல்லிட்டு கம்பியப் பிடிச்சு இடது கால வச்சு, வலதையும் தூக்கி வச்சு நானே ஏறிட்டேன். அன்னைக்கு ராத்திரி நோட்டுல எழுதுனது 2.