சிம்பாலிக் பொசஷன்

ஜனவரி 8, 2025
கடன் பாக்கிக்காக பாங்க் எடுத்த ஒரு வீடு மூன்றாவது முறையாக ஏலத்துக்கு வருகிறது. ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே கேட்க முடியாது, 11,40,000. மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில் இந்தக் காசுக்கு வீடா! நோட்டீசில் ‘சிம்பாலிக் பொசஷன்’ என்று ஒரு வரி. விலை இறங்கியதே அதனால்தான். பேப்பரில் வீடு பாங்க் கையில், உள்ளே ஆள்.

ஜனவரி 10
பாங்க் அதிகாரி தெருமுனையில் நின்றே கையை நீட்டிக் காட்டினார். உள்ளே போக வழியில்லை. ஜன்னல் லிண்டல் ஓரம் விரிசல், ஒரு விரல் போகும். சன்ஷேடில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. ஆனால் கேட்டுக்குப் புதுசாக நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பொங்கல் வருகிறதே.

ஜனவரி 13
முப்பது வருட வில்லங்கம் பார்த்தாச்சு. பாங்க் அடமானம் தவிர எதுவும் இல்லை. வீட்டு வரி, கரண்ட் பாக்கி எல்லாம் எடுப்பவர் தலையில்.

ஜனவரி 20
ஏலத்தில் என்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. 11,50,000. முன்பணம் 1,14,000 போக, 25 சதவீதத்துக்கு நாளைக்குள் 1,73,500 கட்ட வேண்டும். சந்தோஷம்தான். தூக்கம்தான் வரவில்லை.

ஜனவரி 21
கட்டியாச்சு. மீதி 8,62,500. பிப்ரவரி 4 கடைசி. தவறினால் கட்டியதும் போய்விடும்.

ஜனவரி 24
மனைவியின் வளையலும் அடகுக்குப் போனது.

ஜனவரி 26
அந்த வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்தவருக்கு என் அம்மா வயது. “நீங்கதான் எடுத்திருக்கீங்களா தம்பி?” என்றார். “பேத்திக்கு மார்ச்ல பப்ளிக் பரீட்சை” என்றார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

பரீட்சை முடியட்டும், வாடகை வீட்டுக்கு அட்வான்சும் நானே தருகிறேன் என்று சொல்லப்போகிறேன். மச்சினன் கத்துகிறான்: “பாங்க் கடன் வசூலுக்குன்னு இருக்கிற சர்ஃபேசி சட்டம், செக்‌ஷன் 14-ல பாங்கே கலெக்டர்கிட்ட மனுப் போடும் மாமா, போலீசோட வந்து காலி பண்ணிக் கொடுப்பாங்க.” கொடுப்பார்கள். எத்தனை மாதம் இழுக்குமோ, அதுவரை நகைக்கு வட்டி ஏறும். வட்டி கிடக்கட்டும். சாமான்களைத் தெருவில் இறக்கிவைத்துவிட்டு அந்த வீட்டில் நான் எப்படிப் பால் காய்ச்சுவேன்? விலை குறைந்ததே அவர்கள் உள்ளே இருப்பதால்தான். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேர வேண்டும். இதில் நான் மாறுவதாக இல்லை.

ஜனவரி 28
கொத்தனாரிடம் போட்டோவைக் காட்டினேன். “விரல் போகுதுன்னா சுவர் இறங்கியிருக்குண்ணே.” அஸ்திவாரமாக இருந்தால் கணக்கு மொத்தமும் மாறும்.

ஜனவரி 31
நீலப் பெயின்ட். யார் அடித்திருப்பார்கள்?

பிப்ரவரி 3
டிடி எடுத்தாச்சு. சாயங்காலம் வக்கீல் போன். மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் அந்த வீட்டில் இருப்பவர்கள் பாங்கை எதிர்த்துப் போட்ட மனு பதிவாகி நம்பர் ஆகிவிட்டதாம், அதே சட்டத்தில், செக்‌ஷன் 17. என்னையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டே இன்னும் இல்லை, அதனால் கெடு நாளையோடு முடிகிறது. காலையில் முதல் ஆளாகப் போய்க் கட்டிவிட வேண்டும்.