பத்தாவதுக்கு அப்புறம் எந்த குரூப்? மகளுக்கு டெஸ்ட் எடுத்த அனுபவம்

பல்லடம் பக்கம் 16 தறி வைத்துக் கூலிக்குக் காடாத் துணி (சலவை, சாயம் போடாத துணி) நெய்கிறோம். போன மே மாதம் மகளுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்தது, 452 மார்க். அன்றைக்கே ஆளாளுக்கு ஒரு குரூப் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எங்கம்மாவுக்குப் பேத்தி டாக்டராக வேண்டும். மச்சானுக்கு காமர்ஸ் எடுத்து சி.ஏ. போக வேண்டும். அவளோ யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்றாள். அதுதான் எனக்குக் கவலை.

முதலில் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளைக்கு ஏற்ற படிப்பைச் சொல்லும் சென்டர் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். 5,000 ரூபாய். கலர் கலராக அறிக்கை வந்தது. அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விரல் ரேகை தாய் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அதை வைத்து அறிவையோ ஆர்வத்தையோ அளக்கலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தயவுசெய்து யாரும் இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு உளவியலாளரிடம் போனோம். இரண்டு டெஸ்ட். ஒன்று திறன் சோதனை: எண், மொழி, உருவங்களைத் திருப்பிப் பார்ப்பது, இயந்திரம் வேலை செய்யும் விதம் என்று பகுதி பகுதியாக, நேரம் வைத்து எழுத வேண்டும். இன்னொன்று ஆர்வச் சோதனை. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கொள்கையிலிருந்து வந்ததாம். கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்காகக் கணக்கு வைப்பது என்று ஆறு வகை. இதில் சரி, தப்பு கிடையாது. "அடிபட்டவருக்குக் கட்டுப்போடுவது", "மெஷினைப் பிரித்துப் பார்ப்பது" என்று வரிசையாக வரும். பிடிக்குமா, பிடிக்காதா என்று குறித்தால் போதும்.

ஆர்வச் சோதனையை வீட்டிலேயே லேப்டாப்பில் செய்யலாம் என்றார்கள். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். உதவுவதும் ஆராய்வதும் மேலே வந்தன. டாக்டர்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த உளவியலாளர் மேடம் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, என்னாச்சு?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்கள்லங்கப்பா. நீங்க எது போட்டாச் சந்தோஷப்படுவீங்கன்னு பாத்துப் போட்டனுங்க."

எனக்குப் பேச்சே வரவில்லை. நான் ஒரு வார்த்தை வாயைத் திறக்கவில்லை, உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பத்து வருஷமாக வீட்டில் அவள் சொன்ன எத்தனை "சரிங்க" இப்படி வந்ததோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து மேடம் அறையில் அவள் மட்டும் இருந்து மறுபடி செய்தாள். இந்தத் தடவை கையால் செய்வதும் கலையும் மேலே.

திறன் சோதனையில் உருவப் பகுதி 91, எண் 62, மொழி 38. கணக்கில் 94 வாங்கிய பிள்ளைக்கு 62ஆ என்று கேட்டேன். அது மார்க் இல்லையாம். அதே வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரை நிறுத்தினால் சுமார் 62 பேரைவிட மேலே நிற்கிறாள் என்று அர்த்தம். மொழிப் பகுதி இங்கிலீஷில் இருந்தது. இவள் தமிழ் மீடியம். "அந்த 38 அவளோட இங்கிலீஷைத்தாங்க காட்டுது, அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க" என்றார் மேடம். அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்பியிருப்பேன்.

91ஐப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. புது ஷெட்டுக்குத் தறி மாற்றியபோது, குறுக்கு நூல் சுற்றும் தார் மெஷினை எங்கே வைத்தால் பாவு நூலைத் தறிக்குக் கொண்டுபோக வழி கிடைக்கும் என்று இவள்தான் தரையில் சாக்பீஸில் போட்டுக் காட்டினாள். இன்றைக்கும் ஷெட் அப்படித்தான் இருக்கிறது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

இந்தப் படிப்பு என்று மேடம் எதையும் சொல்லவில்லை. கணக்கை விட்டுவிட வேண்டாம், கட்டிடக்கலை, இன்ஜினியரிங், ஜவுளித் தொழில்நுட்பம் எல்லாவற்றுக்கும் வழி இருக்கும் என்றார். மகளே யோசித்து, கணக்கோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாள்.

நீட் எழுத உயிரியல் வேண்டும். அது இந்தக் குரூப்பில் இல்லை. எங்கம்மாவுக்கு ஒரு வாரம் முகமே சரியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளே போய்த் திண்ணையில் ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் தறி ஷெட்டிலேயே இருந்துவிட்டேன்.