புர்கோஸ் குளிர், தபால் பெட்டி, அந்த பேங்க்காரர்

ஜனவரி 20, 2012

தபால் பெட்டியில இன்னைக்கும் சூப்பர்மார்க்கெட் நோட்டீஸ் தான்.

ஜனவரி 21

தூக்கமே வரல. அந்த பாப்லோ இன்ஃபான்தே நினைப்பாவே இருக்கு. காலைல பேங்க் மேனேஜர், சாயங்காலம் ஃபுட்பால் டீம்ல ஃபார்வர்டு. கின்கோசெஸ் தெ யூசோன்னு ஒரு கிராமம், இதே புர்கோஸ் மாகாணம் தான், அங்க ஒரு சின்ன பிராஞ்ச். லோன் பேப்பரெல்லாம் பாத்து முடிச்சிட்டு காரை எடுத்துக்கிட்டு மிராண்டா தெ எப்ரோ ஊருக்கு, அவரோட டீம் மிராண்டேஸோட பிராக்டிஸுக்கு போறாராம். ஆடறது செகுண்டா பே, அதாவது மூணாவது டிவிஷன், நாலு குரூப்பு, 80 டீமு, அதுல ஆடறவன டிவில யாரு பாக்கப் போறா. ஆனா கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஸ்பெயினோட நாக்அவுட் கப்பு கோப்பா தெல் ரேல வில்யாரியால் ஊருக்கே போய் 2-0 அடிச்சிட்டு வந்தாங்க. சாம்பியன்ஸ் லீக் ஆடின டீம்! உடனே அவங்க கோச்சுக்கு சீட்டு கிழிஞ்சுது. அடுத்து ரசிங் சாந்தாந்தெரும் காலி, அதுவும் முதல் டிவிஷன் டீம்.

அவருக்கு 31 வயசு. எனக்கும் 31. அவர் ரெண்டு வேலை பாக்கறார், நான் ஒரு வேலைக்கே ததிங்கிணத்தோம், அதுவும் பிப்ரவரியோட முடியுது. பெருமையா இருக்குன்னு பார்ல எல்லார்கிட்டயும் சொல்றேன், உள்ளுக்குள்ள வயித்தெரிச்சல் தான்.

ஜனவரி 23

அம்மா போன். "ரெசிடென்ஸ் கார்டு வந்துச்சாடா?" வரல. "சாப்டியாடா?" சாப்டேன்னு பொய் சொன்னேன்.

ஜனவரி 24, ராத்திரி 1 மணி

கை நடுங்குது, எப்படி எழுதறதுன்னே தெரியல. போன வாரம் கால் இறுதில மிராண்டா டீம் எஸ்பான்யோல் கிட்ட அவங்க ஊர்ல 3-2 தோத்தாச்சு, இன்னைக்கு மிராண்டாவோட சொந்த அந்துவா கிரவுண்டுல 1-0 ஜெயிச்சாலே போதும், வெளியூர்ல அடிச்ச ரெண்டு கோல் காப்பாத்தும். ஆனா முதல் கோல அவங்க போட்டுட்டாங்க. பார்ல ஒரு சத்தம் இல்ல, சூரியகாந்தி விதைய கடிக்கிற சத்தம் மட்டும் டிக் டிக்னு, தரை முழுக்க தொலி. கொஞ்ச நேரத்துல இன்ஃபான்தே ஒண்ணு திருப்பினார். 1-1. அது பத்தாது. 90 நிமிஷம் முடிஞ்சுது, நான் ஜாக்கெட்ட மாட்டிட்டேன், கிளம்பறதுக்கு ஒரு கால் வெளியில. 92வது நிமிஷம் கானேதா தலையால முட்டி... டிஃபெண்டர்யா அவரு, 33 வயசு! பார்க்காரர் கவுண்டர் மேல ஏறிட்டார். யாருன்னே தெரியாத ஒரு தாத்தா என் கன்னத்துல முத்தம் குடுத்தார், வாய் முழுக்க மொர்சியா வாசனை. அந்த ரத்தமும் அரிசியும் அடைச்ச குடல நான் இது வரைக்கும் தொட்டதில்ல, இன்னைக்கு ஓசில குடுத்தாங்க, தின்னுட்டேன். நல்லா தான் இருக்கு.

மூணாவது டிவிஷன் டீம் செமிஃபைனல்ல.

ஜனவரி 25

தபால் இல்ல.

ஜனவரி 27

வேலையில்லாதவங்க கணக்கு வந்திருக்கு, 52 லட்சத்துக்கும் மேலயாம், நூத்துக்கு கிட்டத்தட்ட 23 பேர். இதுல என்னையும் சேத்தா என்ன வந்துரப் போகுது, ஒரு புள்ளி கூட நகராது. வேலைய பத்தி கேட்டா புரொஃபசர் "பாக்கலாம், பாக்கலாம்"னு சொல்றதோட சரி, கண்ண பாக்க மாட்டேங்கறார்.

இன்னைக்கு ஒரு பைத்தியக்காரத்தனம். கின்கோசெஸுக்கு பஸ் இருக்கான்னு தேடிக்கிட்டு இருந்தேன். போய் என்ன பண்ண? ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணலாம். 40 யூரோ போட்டு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தா என்ன கேக்கறது? "ரெண்டையும் எப்படி சார் சமாளிக்கிறீங்க?" இதுக்கு ஸ்பானிஷ்ல ஒழுங்கா வாக்கியம் அமைக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள பின்னாடி நிக்கற பாட்டி பென்ஷன் புக்க நீட்டிரும்.

ஜனவரி 31

செமிஃபைனல் முதல் மேட்ச், அத்லெதிக் பில்பாவ் கிட்ட. 1-2 தோல்வி. அவங்க யோரெந்தே ரெண்டு கோல். கடைசில நம்ம பக்கம் லாம்பார்ரி ஒண்ணு போட்டார், அத ஏதோ கப்பே ஜெயிச்ச மாதிரி கொண்டாடினாங்க.

பிப்ரவரி 2

ஐரோப்பா முழுக்க குளிர் அலையாம். ஹீட்டர ராத்திரி 10 மணிக்கே அணைச்சுடறேன், பில்லுக்கு பயந்து. ரெண்டு போர்வை, ஒரு லுங்கிய தலையில முண்டாசா கட்டிக்கிட்டு எழுதறேன்.

பிப்ரவரி 4

பஸ் நேரம் எழுதின பேப்பர் தொலைஞ்சு போச்சு. இந்தப் பனியில எங்க போறது.

அம்மாகிட்ட இன்ஃபான்தே கதைய சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "பேங்க் வேலையா? அப்ப அவனுக்கு என்னடா கவலை"ங்கறா. ஒரே வரில மொத்தத்தையும் முடிச்சிட்டா.

பிப்ரவரி 7

ரெண்டாவது மேட்ச், பில்பாவோட கிரவுண்ட் சான் மமேஸ்ல. 6-2 தோல்வி. மொத்தம் 8-3.

பிப்ரவரி 8

நேத்து நாலாவது கோலுக்கு அப்புறம் யாரும் டிவிய பாக்கல, ஆனா ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. பில்பாவ் கோச் பியல்சாவோட டீம் மாதிரி ஓடறவங்களுக்கு முன்னாடி என்ன பண்ண முடியும். கோப்பால இன்ஃபான்தேவுக்கு 7 கோல், மெஸ்ஸிய விட ஜாஸ்தி, இத பார்க்காரர் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கார். பொதுவா மிராண்டா டீம்னா இந்தாளுக்கு கொஞ்சம் இளக்காரம், ஆனா இன்ஃபான்தே புர்கோஸ்ல பொறந்தவராச்சே.

ஒரு விஷயம் மட்டும் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. ராத்திரி ஆறு கோல் வாங்கிட்டு, பில்பாவ்ல இருந்து பஸ்ல திரும்பி, மறுபடியும் அந்த பிராஞ்ச்ச திறந்து உக்காரணும். வர்றவன் போறவன் எல்லாம் மேட்ச்ச பத்தி தான் கேப்பான். கேட்டுட்டு, பாஸ்புக்க நீட்டுவான்.

பிப்ரவரி 10

தபால் பெட்டியில ஒரு மஞ்சள் சீட்டு. ரிஜிஸ்டர் தபாலாம். நான் வீட்ல தான் இருந்தேன், பெல்லு சத்தமே கேக்கல. நாளைக்கு 9 மணிக்கு போஸ்ட் ஆபீஸ் போகணும். அனுப்பினது யாருங்கற இடத்துல கிறுக்கியிருக்கு, வெளிச்சத்துல சாச்சு சாச்சு பாக்கறேன், முதல் எழுத்து